அறுநூறு வார்த்தைக்குக் கீழே

ஜூன் 3, செவ்வாய்

தம்பிக்கு,

போன பதிவைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல முடிகிறது. படித்தேன் என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. அப்பாவின் குதிகாலில் புண் வராமலிருக்க நான் என்னென்ன செய்கிறேன் என்று மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். நீ அதை "குதிகால் புண்: 5 எளிய குறிப்புகள்" ஆக்கிவிட்டாய். ஐந்தாவது குறிப்பு, "சுத்தம் முக்கியம்." சுத்தம் முக்கியம் என்பது எந்த மடையனுக்குத் தெரியாது? அதை என் படத்துக்குக் கீழே வேறு போட்டிருக்கிறாய்.

பரிசோதனைக் கூடத்தில் என்னோடு ரத்தம் எடுக்கிற பெண் அதைப் படித்துவிட்டு, "நீங்க எழுதினதாக்கா இது? மருந்து பாட்டில்ல ஒட்டின லேபிள் மாதிரி இருக்கே" என்றாள். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இதைப் போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் போன வருடச் சண்டைக்குப் பிறகு நாம் போனில் "அப்பா எப்படி இருக்கார்", "அப்படியே இருக்கார்" என்பதைத் தாண்டுவதில்லை. அன்றைக்கு நீ, "உதவி வேணும்னா வாயைத் திறந்து கேளு, சும்மா குத்திக் காட்டாதே" என்றாய். "செத்தாலும் உங்கிட்ட கேக்க மாட்டேன்" என்றேன் நான். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன். நீயும் கேட்காத எதையும் செய்துவிடவில்லை. நமக்குள் மிச்சமிருப்பது இந்த வலைப்பூ ஒன்றுதான். மாதத்துக்கு ஒருமுறை நான் எழுதி அனுப்புகிறேன், நீ சீவிச் சிங்காரித்து ஏற்றுகிறாய். ஊரில் யார் படித்தாலும் படிக்காவிட்டாலும் நீ படிக்கிறாய் அல்லவா, அதற்காகவே எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்.

இந்த முறை எழுதியிருப்பது, படுத்த படுக்கையாக இருப்பவரைத் தனி ஆளாக எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று. இணைப்பில் இருக்கிறது. கடைசிப் பத்தியை நேற்றுதான் எழுதினேன். அதை இங்கேயே கீழே ஒட்டியிருக்கிறேன், இணைப்பின் முடிவில் சேர்த்துக்கொள். உன் கத்திரியைக் கொஞ்சம் தூர வை.

அக்கா

"இத்தனையும் சொல்லிக் கொடுக்கிற எனக்கு வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. இரண்டு வருடமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அறுபத்தெட்டு கிலோவைத் திருப்பினால் கிழியாமல் என்ன செய்யும் என்கிறார் எலும்பு டாக்டர். இந்த மாதம் பதினேழாம் தேதி அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு ஆறு வாரம் வலது கையைத் தூக்கவே கூடாதாம். அந்த ஆறு வாரம் அப்பாவை யார் திருப்புவார்கள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. காலையில் வருகிற செவிலி பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவார். எனக்கு இருப்பது ஒரு தம்பி. அவன் தூரத்தில் இருக்கிறான்."


ஜூன் 5, வியாழன்

அக்கா,

பதிவை ஏற்றிவிட்டேன். தலைப்பு, "படுக்கையில் இருப்பவரைத் திருப்ப 7 எளிய வழிகள்." முதல் நாளிலேயே இருநூற்று நாற்பது பேர் திறந்திருக்கிறார்கள். உன் தலைப்பு என்ன தெரியுமா? "அப்பாவைத் திருப்புவது பற்றியும் அதில் நான் செய்த தப்புகள் பற்றியும் சில வார்த்தைகள்." அதைப் போட்டிருந்தால் நானும் அப்பாவும்தான் திறந்திருப்போம்.

கோபப்படாமல் கேள். நாள் முழுக்க ஆபீஸில் நான் செய்வது இதே வேலைதான். ஊரார் எழுதிய நீளமான கட்டுரைகளைப் போனில் படிக்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பது. படிக்கிறவர் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நிறுத்தம் வருவதற்குள் படித்து முடிக்க வேண்டும். உன் ஒரு பத்தி போனில் நான்கு திரை வருகிறது, அக்கா. நடுவில் மூச்சுவிட ஓர் இடம் கிடையாது. சின்ன வயசில் உன்னை ரயில் என்று கூப்பிட்டது சும்மா இல்லை. பத்தி என்றால் மூன்று வரி. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு துணைத்தலைப்பு. முக்கியமானதை எப்போதும் மேலே போடு. மேலே போடாததை யாரும் படிக்கப் போவதில்லை. மொத்தம் அறுநூறு வார்த்தை. அதற்குக் கீழே வாசகர் வருவதே இல்லை, எங்களிடம் கணக்கு இருக்கிறது.

உன் இணைப்பு மட்டுமே ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அதனால் கடிதத்தின் கீழே நீ ஒட்டியிருந்ததைச் சேர்க்கவில்லை. அதற்கெல்லாம் இப்போது இடமில்லை. இன்னொரு சமயம் பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டு நேரத்தில் இதைச் செய்கிறேன். இரண்டு வருடத்தில் ஒரு நன்றி வந்ததில்லை, லேபிள் என்று திட்டு மட்டும் தவறாமல் வருகிறது. இருக்கட்டும்.

தம்பி


ஜூன் 8, ஞாயிறு

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "அதற்கெல்லாம் இப்போது இடமில்லை, இன்னொரு சமயம் பார்த்துக்கொள்ளலாம்." நன்றாகப் புரிந்தது. இதைவிடச் சுருக்கமாக யாராலும் எழுத முடியாது. உன் தொழில் உனக்குக் கைவந்துவிட்டது.

நான் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்.

அக்கா


ஜூன் 10, செவ்வாய்

அக்கா,

வேறு ஏற்பாடா? தாராளமாகச் செய்துகொள். வலைப்பூவின் கடவுச்சொல்லைத் தனியாக அனுப்புகிறேன். உன் லேபிள் தோழியே ஏற்றட்டும். ஒரு படத்தைச் சின்னதாக்கி நடுவில் வைக்க எவ்வளவு நேரமாகிறது, ஒரு துணைத்தலைப்புக்கு எத்தனை தடவை மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்போது தெரியும்.

ஒரு பத்தியைச் சேர்க்கவில்லை என்பதற்காக இவ்வளவா? நான் என்ன உன் சொத்தையா எழுதி வாங்கிக்கொண்டேன்? உனக்கு எப்போதும் இதே வழக்கம். மனசில் எதையோ வைத்துக்கொண்டு, வேறு எதற்கோ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய். எதிரே இருக்கிறவன் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் அவன் கல்நெஞ்சக்காரன். போன வருடம் போனிலும் இதுதான் நடந்தது. நான் வர மாட்டேன் என்று என்றைக்காவது சொன்னேனா? கேளு என்றுதானே சொன்னேன்?

அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். அவர் எப்படி இருக்கிறார் என்று நீ கடிதத்தில் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

தம்பி


ஜூன் 20, வெள்ளி

தம்பிக்கு,

அப்பா எப்படி இருக்கிறார் என்று நான் ஒரு வரி எழுதுவதில்லையா? இரண்டு வருடமாக வேறு எதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்?

பத்து நாள் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும் போலிருந்தது. இப்போதும் எழுதியிருக்க மாட்டேன். ஒரு பின்னூட்டம் எழுத வைத்தது. நீ போட்ட ஏழு எளிய வழிகளுக்குக் கீழே ஒரு பெண் எழுதியிருக்கிறாள். நீ பார்த்திருக்க மாட்டாய், பின்னூட்டம் அறுநூறு வார்த்தைக்குக் கீழே அல்லவா இருக்கும்!

"நாலாவது வழியில் 'உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ளவும்' என்று இருக்கிறது. எங்கள் வீட்டில் என் அம்மாவும் நானும் மட்டும்தான். உதவிக்கு யாரும் இல்லாதவர்களுக்கு வழி கிடையாதா? மூன்று நாளாக முயற்சி செய்கிறேன். ஒவ்வொரு தடவையும் அம்மா அழுகிறார்."

உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்லி நான் எழுதவே இல்லை. தனி ஆளாகத் திருப்புவது எப்படி என்பதுதான் நான் எழுதியதே. தனி ஆளாக என்ற இரண்டு வார்த்தையை நீ தூக்கிவிட்டு, கையில் இருந்த வேறு எதையோ அங்கே செருகியிருக்கிறாய். அழாமல் திருப்புவது எப்படி என்பதும் அதில் இருந்தது. கம்பியில் தட்டுவது பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். ஏழு வழியில் அது எத்தனையாவது வழி என்று தேடிப் பார்த்தேன். "நோயாளியின் ஒத்துழைப்பைப் பெறவும்." அவ்வளவுதான். அப்பாவைப் பார்த்து நோயாளியின் ஒத்துழைப்பு என்று எழுத உனக்கு எப்படிடா மனசு வந்தது?

அந்தப் பெண்ணுக்கு நான் பதில் எழுதவில்லை. என்னவென்று எழுதுவது? உதவிக்கு யாரும் இல்லாதவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த பதிலை அன்று கடிதத்தின் கீழே ஒட்டி அனுப்பினேன். நீ இடமில்லை என்றாய். மறுபடி எழுத எனக்குத் தெம்பு கிடையாது, மானமும் இடம் கொடுக்காது. அவளுக்கு நீயே பதில் சொல். பதிவைப் போட்டவன் நீதானே.

அக்கா


ஜூன் 21, சனி

அக்கா,

காலையிலிருந்து எட்டு தடவை உனக்குப் போன் செய்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. எடுக்காததும் நியாயம்தான்.

அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதலாம் என்று மூன்றாம் தேதிக் கடிதத்தைத் திறந்தேன். "கத்திரியைக் கொஞ்சம் தூர வை" என்ற வரி வரைக்கும் அன்றைக்குப் படித்திருக்கிறேன். அதற்குக் கீழே மேற்கோள்குறி தெரிந்ததும், ஓ, பதிவின் மிச்சம் என்று கடிதத்தை மூடிவிட்டேன். அதுதான் நடந்தது. படித்துவிட்டு இடமில்லை என்று சொல்லவில்லை அக்கா. படிக்கவே இல்லை. எது அதிகக் கேவலம் என்று எனக்கே தெரியவில்லை.

ஆபீஸில் எங்களுக்கு ஒரு பழக்கம். கட்டுரையை ஒட்டியதும் அறுநூறாவது வார்த்தையில் திரை ஒரு சிவப்புக் கோடு போடும். கோட்டுக்கு மேலே இருப்பதைத்தான் படிப்போம், சீர் செய்வோம், பட்டியல் போடுவோம். கீழே இருப்பதை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுவோம். நாலு வரி குறைந்தால் கையிருப்பில் பொதுவான வரிகள் உண்டு, "சுத்தம் முக்கியம்" மாதிரி. உன் பதிவுகளையும் அப்படியேதான் செய்தேன். இருபத்து மூன்று பதிவு. ஒன்றைக்கூட நான் முடிவு வரைக்கும் படித்ததில்லை.

இன்றைக்குப் படித்தேன். இருபத்து மூன்றின் கோட்டுக்குக் கீழே இருந்ததையும் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். குளிப்பாட்டுவது பற்றிய பதிவின் கடைசியில், "நேற்று என் பிறந்தநாள், யாருக்கும் ஞாபகமில்லை, எனக்கே சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது" என்று எழுதியிருக்கிறாய். மருந்து அட்டவணை பற்றிய பதிவில், "என் தம்பி போனில் பேசினால் அப்பா அன்றைக்கு ஒரு பிடி கூடச் சாப்பிடுகிறார், ஆனால் அவன் போன் செய்யும் நேரத்தில் நான் வேலையில் இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். பிப்ரவரியிலேயே, தோள் வலிக்கிறது, சட்டை மாட்டக் கை தூக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். எல்லாவற்றையும் நான் என் கையாலேயே அழித்திருக்கிறேன். ஆபீஸில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

என் மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு கோபம் எனக்கு உன் மேலும் வருகிறது. அறுவை சிகிச்சை என்பதை இப்படியா ஒருத்தி சொல்லுவாள்? ஊர் படிக்கிற பதிவின் வாலில் ஒட்டியா? "தம்பி, பதினேழாம் தேதி வா" என்று நாலே வார்த்தை எழுதியிருந்தால் நான் பதினைந்தாம் தேதியே வந்து நின்றிருப்பேன். பதினேழாம் தேதி போய் நாலு நாள் ஆகிவிட்டது. என்ன செய்தாய்? கை எப்படி இருக்கிறது? அப்பாவை யார் திருப்புகிறார்கள்? ஒரு வரி எழுது. ஒரு வரி போதும்.

தம்பி


ஜூன் 22, ஞாயிறு

தம்பிக்கு,

ஒரு வரி போதுமாம். உனக்கு எப்போதும் ஒரு வரிதான் போதும்.

பதினேழாம் தேதி ஒன்றும் நடக்கவில்லை. மாடி வீட்டு ஓட்டுநர், "நான் பாத்துக்கறேம்மா, கவலைப்படாதீங்க" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னார். பதினைந்தாம் தேதி ஒரு தடவை திருப்பிப் பழகுங்கள் என்று கூப்பிட்டேன். வந்து அப்பாவின் காலைப் பிடித்தவர், அவர் முனகியதும் கையை எடுத்துவிட்டார். "என்னால முடியாதும்மா, எங்க அப்பா ஞாபகம் வருது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முடியாது என்று நேருக்கு நேர் நின்று சொன்னாரே, அதற்கே எனக்கு அவர் மேல் மரியாதை. அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டுத் தேதியைத் தள்ளிப் போடச் சொன்னேன். "தள்ளிப் போட்டா இன்னும் கிழியும், சொல்லிட்டேன்" என்று கத்தினார். கத்தட்டும். அப்பாவை இடது கையாலும் முழங்காலாலும் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் நேராகக் கேட்கவில்லை என்கிறாய். கேட்டால் நீ வருவாய், எனக்குத் தெரியும். வந்து, கேட்டதால் வந்தேன் என்று நிற்பாய். அவர் எனக்கு மட்டுமா அப்பா? நான் கேட்டு நீ கொடுக்கிற தர்மமா இது? நீயாகத் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று நினைத்தேன். அது என் திமிர் என்றால் திமிராகவே இருக்கட்டும். இருபத்து மூன்று தடவை எழுதினேன். இருபத்து மூன்று தடவையும் நீ படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பதிவு ஏறியதும் கடைசிவரை உருட்டிப் பார்ப்பேன். வெட்டியிருக்கிறான், சரி, அவன் பதில் இதுதான் என்று மூடிவைத்துவிட்டுத் துணி துவைக்கப் போவேன். நீ படிக்கவே இல்லை என்கிறாய் இப்போது. நிம்மதியாக இருக்கிறது, அதைவிட ஆத்திரமாகவும் இருக்கிறது.

புதுத் தேதி ஜூலை நாலு. காலை ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும். வா என்று நான் சொல்லவில்லை. தேதியைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அக்கா


ஜூலை 5, சனி

அக்கா,

நேற்றுக் காலை வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். நான் வாசலில் பையை வைக்கவும் நீ படி இறங்கவும் சரியாக இருந்தது. இரண்டரை வருடம் கழித்துப் பார்க்கிறோம். நீ சொன்னது ஒரே வாக்கியம்: "எல்லாம்தான் பதிவுல போட்டிருக்கே, பாத்துக்கோ." லேபிள் தோழி உன்னைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். நீ வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னாய். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அவள்தான் மத்தியானம் போன் செய்து சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்குச் செவிலியம்மா போய்விட்டார். ஒரு மணிக்கு அப்பாவைச் சுவர்ப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் திருப்ப வேண்டும். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, நானே போட்ட ஏழு எளிய வழிகளைத் திறந்தேன். முதல் வழி, "மெதுவாகத் திருப்பவும்." எங்கே பிடித்துத் திருப்ப? இரண்டாவது, "சரியான நிலையில் நிற்கவும்." எது சரியான நிலை? மூன்றாவது, "முதுகை நேராக வைக்கவும்." யார் முதுகை, என் முதுகையா அவர் முதுகையா? நாலாவது வழிக்கு வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது, உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டுமாம். இதை எழுதின மடையன் கையில் கிடைத்தால் அறைவேன் என்று நினைத்துக்கொண்டே அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அது இடது கை. விளங்காத கை. அப்பா கத்தினார். அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. வலது கையால் கட்டில் கம்பியில் தட்டினார், ஒரு தட்டு. நான் கவனிக்கவில்லை. மறுபடி இழுத்தேன், மறுபடி ஒரு தட்டு. உடம்பைக் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டார், கண்ணில் தண்ணீர். போனைத் தூக்கிப் போட்டுவிட்டு, கணினியில் உன் முழு வரைவையும் திறந்து ஜன்னல் கட்டையில் வைத்தேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இரண்டாவது பத்தி. "அப்பாவால் பேச முடியாது. கம்பியில் ஒரு தட்டு என்றால் வேண்டாம், இரண்டு தட்டு என்றால் சரி. எந்தப் பக்கம் திருப்பப் போகிறேன் என்று காதருகே சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். சில நாள் அரை நிமிடம், சில நாள் ஐந்து நிமிடம். இரண்டு தட்டு விழாமல் நான் தொடுவதில்லை. அவர் உடம்பு, அவரைக் கேட்காமல் அதைப் புரட்ட நான் யார்? கேட்டுவிட்டால் பாதி எடையை அவரே குறைத்துக்கொள்கிறார்." இதை நான் "ஒத்துழைப்பைப் பெறவும்" என்று மாற்றியிருக்கிறேன் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் காதருகே போய், "அப்பா, ஜன்னல் பக்கம் திருப்பப் போறேன்பா, என் பக்கம்தான், விழ மாட்டீங்க" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நிமிடம் ஆனது. இரண்டு தட்டு விழுந்தது. நீ எழுதியபடி இடது கையை எடுத்து மார்பின் மேல் வைத்தேன், முழங்காலை மடக்கினேன், தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, என் முழங்காலைக் கட்டிலில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, இழுக்காமல், என் எடையோடு பின்னால் சாய்ந்தேன். வந்துவிட்டார். பூ மாதிரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் வந்துவிட்டார். வால் எலும்புப் பக்கம் லேசாகச் சிவந்திருக்கிறது. தோல் உடையவில்லை, நீ சொன்ன களிம்பு போட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும், திட்டாதே. உன் ரயில் பத்தியில் இடம் தேடி நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு கையில் அப்பா, கண் ஜன்னலில், இடுப்பில் எங்கே பிடிப்பது என்ற வரி மூன்றாவது திரையில் ஒளிந்திருந்தது. அதனால் சாயங்காலம் பழைய பதிவை எடுத்துவிட்டு உன்னுடையதை முழுசாக ஏற்றினேன். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. துணைத்தலைப்பு மட்டும் நான்கு வைத்தேன்: சொல்லிவிட்டுக் காத்திருங்கள், கைகள் எங்கே, உங்கள் கால்கள் எங்கே, திருப்பிய பிறகு. ஆயிரத்து நாற்பது வார்த்தை. உன் தோளைப் பற்றிய கடைசிப் பத்தியை மட்டும் ஏற்றவில்லை. அது எனக்கு எழுதியது, என்னிடமே இருக்கட்டும்.

அந்தப் பெண் இன்று காலை பின்னூட்டம் போட்டிருக்கிறாள். "தனியாகத் திருப்பினேன். அம்மா அழவில்லை." படித்துக் காட்டினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

எனக்கு விடுப்பு மூன்று வாரம்தான். அதற்கு மேல் என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்கிறேன் என்பதுதான் உண்மை.

தம்பி


ஜூலை 6, ஞாயிறு

தம்பிக்கு,

முக்கியமானதை மேலே போடச் சொன்னாய். போடுகிறேன்.

மூன்று வாரம் போதாது. ஆறு வாரமும் இரு. உன்னைத்தான் கேட்கிறேன்.

இனி மிச்சம்.

இடது கையால் தட்டுகிறேன். அதனால் சின்னச் சின்ன வரி. சந்தோஷமா?

நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். கட்டு பெரிதாக இருக்கிறது. ஒரு பக்கம் தலையணை கட்டினது மாதிரி.

பதிவைப் படித்தேன். நல்ல நீளம். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன்.

துணைத்தலைப்பு நன்றாக இருக்கிறது. நன்றி. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து.

இடது கையைப் பிடித்து இழுத்தாய் என்று படித்தபோது கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தேன். நர்ஸ் திட்டினாள். இனி ஒரு தடவை இழுத்தால் கட்டோடு வந்து அடிப்பேன்.

கோபம் இன்னும் போகவில்லை. பாதி என் மேல்.

"உதவி வேணும்னா கேளு" என்றாய். இதோ, கேட்டுவிட்டேன். பெரிய கஷ்டமாக இல்லை. கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

அக்கா


ஜூலை 6, ஞாயிறு, மத்தியானம்

அக்கா,

உன் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் இரண்டு தடவை படித்தேன். பிறகு அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அக்கா ஆறு வாரம் இருக்கச் சொல்றாப்பா, இருக்கட்டுமா?" என்று காதருகே கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

இந்தத் தடவை அரை நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு தட்டு.

அவர் கை கம்பியிலிருந்து இறங்குவதற்குள், நானும் அதே கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

தம்பி